மரத்துப்போன உதட்டின் எல்லைக்கோடு

முதல் அறிகுறி எது என்று யோசித்தால், மல்லிகாக்காவின் சிரிப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அம்மா ஜரினா தையல்காரர். மொரப்பூர் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. அன்று மல்லிகாக்காவுக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மல்லிகாக்கா பக்கத்து ஊரில் விவசாயம் செய்பவர், பதினைந்து வருட வாடிக்கை. "கை நீளம் பத்து" என்று அம்மா சொல்ல வாயெடுத்தபோது கீழ்ப் பல்செட் எகிறி நாக்கின் மேல் ஏறிக்கொண்டது. பத்து வேறு ஏதோவாக வெளியே வந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, கட்டைவிரலால் பல்செட்டை உள்ளே அழுத்தினார்.

"ஜரினாக்கா, நீ எனக்கு அளவெடுக்குறியா, உன் பல்லுக்கு எடுக்குறியா?" என்று மல்லிகாக்கா சிரித்தார். "ஒரு நாளைக்கு அது எகிறி என் ஜாக்கெட்டுக்குள்ளயே உளுந்துரப் போவுது பாரு."

அம்மாவும் சிரித்தார். உதட்டை மூடிக்கொண்டு.

உள்ளறையிலிருந்து அதைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு வேகம் பிடித்தது. இந்த வேகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் இயற்பியல் முதுகலை முடித்துவிட்டு அரூரில் ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். எனக்கு எந்தப் பித்தும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. ஆனால் அந்த இரண்டு மாதமும் வேறு எதுவும் கண்ணில் படாது. ஒரு முறை தேனீ வளர்ப்பு. ஒரு முறை வால்நட்சத்திரம். போன வருடம் ஆனி மாதத்தில் பல்.

இதை எழுதுவது இதே சிகிச்சைக்குப் போகப்போகிறவர்களுக்காக. அதைவிட, அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக.

அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐந்தாறு வருடங்களில் எல்லாப் பற்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, பிடுங்கப்பட்டுவிட்டன. பீரியோடான்டைட்டிஸ் (ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும் நோய்) என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கோடு இல்லாத ஆளை வெளியூர்க்காரர் என்று சொல்லிவிடலாம். அதனாலோ என்னவோ, பல் கெடுவதை இங்கே யாரும் நோயாகவே நினைப்பதில்லை. போனால் செட் கட்டிக்கொள்ளலாம் என்பதுதான் நினைப்பு.

மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கீழ் செட்டுக்குப் பிடிமானமே இல்லை. பல் போன இடத்தில் எலும்பு வருடா வருடம் தேயும், ஈறு தட்டையாகும், நாக்கு அசைந்தாலே செட் எழும்பும். அம்மா தோசையைச் சாம்பாரில் ஊறவைத்து, வலது ஓரத்தில் மட்டும் வைத்து, கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாப்பிடுவார். அதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மல்லிகாக்கா சிரித்த பிறகுதான் பார்த்தேன்.

நான்கு நாட்களில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு, செயற்கைப் பல்வேர்) பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்த அத்தனை வீடியோவையும் பார்த்து முடித்தேன். டைட்டானியம் உலோகத்தை எலும்பு அந்நியமாகப் பார்க்காது, மூன்று நான்கு மாதத்தில் அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் ஒரு பிரஸ் பட்டனை எடுத்துக் காட்டினேன்.

"இதோ பாரும்மா. கீழ்த் துண்டு உன் எலும்புல. மேல் துண்டு பல்செட்டுக்கு உள்பக்கம். மாட்டுனா டக். கழட்டுனா டக். ரெண்டே ரெண்டு போதும்."

"எலும்புல ஓட்டை போடுவாங்களா?"

"ஊசி போட்டுருவாங்க. ஒண்ணுமே தெரியாது."

அம்மா பட்டனை வாங்கி இரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்தார். "ஆடி வரட்டும்" என்றார். ஆடியில் கல்யாணம் இல்லை. தையல்காரர்களுக்குக் கை ஓயும் மாதம்.

தர்மபுரியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசினார். தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார். முன்பக்கம் கோரைப்பல் இருக்க வேண்டிய இரண்டு இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தார்.

"முப்பரிமாண ஸ்கேன் எடுக்கணும்னா சேலம் போவணுங்க. எடுத்தா நல்லதுதான்."

"கட்டாயமா டாக்டர்?" நான்தான் கேட்டேன்.

"இந்த எடத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாதும்மா."

அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தாண்டிவிட்டேன். ஒப்புதல் படிவம் நான்கு பக்கம். ரத்தக்கசிவு, தொற்று, உதடு மரத்துப்போதல், இம்பிளான்ட் ஒட்டாமல் போதல் என்று வரிசையாக இருந்தது. அம்மா விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினார். "எல்லாத்தையும் எழுதணுமேன்னு எழுதுறாங்கம்மா" என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைக் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடங்கினார்கள். நான் கதவருகே நிற்க அனுமதி கிடைத்தது. மரப்பு ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்து டாக்டரம்மா உதட்டைக் கிள்ளிக் காட்டினார். அம்மா தலையசைத்தார், தெரியவில்லை என்று. பிறகு துளையிடும் சத்தம். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் சத்தம். அம்மாவின் கால் விரல்கள் மட்டும் செருப்பில்லாமல் விறைத்து நின்றன. ஒன்றேகால் மணி நேரம். எனக்கு அது ஒரு வீடியோவை நேரில் பார்ப்பது போலத்தான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

பேருந்தில் அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தார். உதடு தடித்திருந்தது. மாலை ஆறு மணிக்கு டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டார்.

"மரப்பு போயிருச்சாம்மா?"

நான் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். கன்னத்தில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா தலையாட்டினார்.

"எல்லாம் சூப்பரா இருக்குங்க டாக்டர்."

"வலி?"

"வலியே இல்லீங்க!"

வலி இல்லை என்பது உண்மைதான். இல்லாததைத்தான் நான் நல்ல சேதியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை நண்பகல் தொழுகைக்கு அம்மா ஒளு செய்தார் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது, அதில் வாய் கொப்பளிப்பதும் உண்டு). பலமாகக் கொப்பளிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் தண்ணீரை மெதுவாக வாயில் வைத்துச் சாய்த்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயை நோக்கி நடந்தார். இடது தாடையிலிருந்து தண்ணீர் ஒழுகி, கழுத்து வழியாக முக்காட்டுத் துணியை நனைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, தண்ணி."

"எங்க?"

"தாடையில."

அவர் வலது பக்கத்தைத் துடைத்தார்.

நான் எழுந்து போய் என் சுட்டுவிரலை அவருடைய இடது உதட்டின் கீழே வைத்தேன். "தெரியுதா?"

"எது?"

நகத்தால் அழுத்தினேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று காத்திருப்பவர் போல.

"எப்பலேருந்தும்மா?"

"ஊசி போட்டதுலேருந்துதான். பெரிய ஊசி போல, போவட்டும்னு இருந்தேன்."

"அன்னிக்கு போன்ல கேட்டப்ப தலையாட்டுனியே!"

"அத்தனை பேருக்கு வைத்தியம் பாக்குற புள்ள, நெனப்பு வெச்சு போன் பண்ணி விசாரிக்குது. அதுகிட்டப் போயிக் குறை சொல்லச் சொல்றியா?" துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "நீயும் மூஞ்சியெல்லாம் சிரிப்பா நின்னுட்டிருந்த."

எங்கள் பக்கத்தில் ஒருவர் நலம் விசாரித்தால் நலம் என்றுதான் சொல்வோம். காய்ச்சலில் கிடப்பவரும் பார்க்க வந்தவரிடம் "நல்லாருக்கேங்க, நீங்க எப்படி இருக்கீங்க" என்பார். அதற்கு மேல் சொன்னால் வந்தவரைச் சங்கடப்படுத்தியது போல. டாக்டர் என்றால் இன்னும் ஒரு படி மேலே. அவருடைய கைராசியைக் குறை சொன்னதாகிவிடும். மருத்துவர் கேட்பது விசாரிப்பு அல்ல, அதுவும் ஒரு பரிசோதனைதான் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அல்ல, எனக்கு. நானும் அந்தத் தொலைபேசி அழைப்பை விசாரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மாவைச் சந்தோஷப்படுத்தினேன்.

அன்று மாலையே தர்மபுரி போனோம். டாக்டரம்மா பஞ்சை நூலாகத் திரித்து அம்மாவின் உதட்டில் இழுத்தார். கருவியின் மழுங்கிய முனையால் அங்கங்கே தொட்டார். கண்ணை மூடச் சொல்லி, எங்கே என்று கேட்டார். இடது பாதியில் எங்கே தொட்டாலும் அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது மரியாதைக் குறைவு என்று நினைத்தோ என்னவோ, நடுவில் ஒரு முறை "ம்" என்றார். அப்போது டாக்டரம்மாவின் கை அவர் மேலேயே இல்லை.

"மூணு நாளா இப்படித்தானா?" டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். "நான் போன் பண்ணப்ப எல்லாம் சரியாயிருச்சுன்னு சொன்னீங்களேம்மா."



வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். மறுநாள் காலை ரயிலில் சேலம் போய் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராகத் தர்மபுரிக்கு வந்தோம். திரையில் டாக்டரம்மா தாடையைச் சுழற்றிக் காட்டினார். மென்டல் நரம்பு (கீழுதட்டுக்கும் தாடை முனைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு) எலும்பின் உள்ளே ஒரு குழாயில் வந்து, பக்கவாட்டில் ஒரு துளை வழியாக வெளியேறும். சிலருக்கு வெளியேறுவதற்கு முன் கொஞ்சம் முன்னே போய், வளைந்து, திரும்பி வரும். அம்மாவுக்கு இடது பக்கம் அந்த வளைவு இருந்தது. திருகின் நுனி அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

"தட்டையான படத்துல இது தெரியலீங்க," என்றார். "இந்த ஸ்கேனை நான் கண்டிப்பா எடுக்கச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு. மொத நாளே தெரிஞ்சிருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பேன். ஒண்ணு, ஒண்ணரை நாளுக்குள்ள எடுத்தா வாய்ப்பு அதிகம்."

"இப்பக் கழட்டுனா வந்துருங்களா?" அம்மா கேட்டார்.

"வரலாங்க. முழுசா வருமான்னு உறுதி சொல்ல மாட்டேன். அப்படியே விட்டா வர்றது கஷ்டம்."

"எனக்கு உதடு வேணுங்க," என்றார் அம்மா. "குண்டூசி அதுலதான் புடிக்கிறேன்."

கழற்றப் பத்து நிமிடம் ஆகவில்லை. திருகு ஒரு சின்ன எஃகுக் கிண்ணத்தில் விழுந்தது. வலது பக்கத் திருகு அப்படியே இருந்தது. பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று எதுவும் நினைவில் இல்லை.

அத்தா (அப்பா) பெங்களூரில் பழ மண்டியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒரு முறை வருவார். அன்று இரவு போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, செல்போன்ல பாத்தா டாக்டர் ஆயிரலாமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்பது போலக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது இது நடந்திருந்தால், அவர்களுக்குத் தெரியும். மரத்துப்போனது வலிக்காது. யாரிடமும் காட்ட ஒரு காயம் இருக்காது. கண்ணாடியில் உதடு முன்பு போலவே இருக்கும். வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. காலையில் சோறு பொங்கியது, மெஷின் ஓடியது, நான் அரூருக்குப் பேருந்து ஏறினேன். யாரும் அழவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. நான் வீடியோ பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். மாலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் அம்மாவின் தாடையைத்தான் பார்ப்பேன். பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முகத்தைத் துணிப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆவணியில் கல்யாண ஜாக்கெட்டுகள் வந்து குவிந்தன. அம்மா பழக்கத்தில் நான்கு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மல்லிகாக்காவின் தங்கைக்குத் தோள்பட்டையை மடித்துக் குத்திக்கொண்டிருந்தார். மல்லிகாக்கா திடீரென்று அவர் கையைப் பிடித்தார்.

"ஜரினாக்கா! ரத்தம்!"

"யாருக்கு? குத்திட்டேனா?" அம்மா பதறிப்போய் அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்தார்.

"அவளுக்கில்ல. உனக்கு."

ஒரு ஊசி கீழுதட்டில் பாதி ஏறி நின்றது. அம்மா கண்ணாடியில் பார்த்துத்தான் அதை எடுத்தார். மல்லிகாக்கா அன்று எதுவும் கேலி பேசவில்லை. தங்கையின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "மெதுவாத் தைய்யி, அவசரமில்ல" என்று சொல்லிப் போனார். அவர் கேலி பேசாதது எனக்கு என்னவோ செய்தது. மறுநாள் அம்மா வெட்டுத்துணியில் பஞ்சு அடைத்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு ஊசித் தலையணை தைத்துக்கொண்டார். முதல் வாரம் முழுவதும் ஊசியை எடுத்த கை உதட்டுக்குப் போய்விட்டுத்தான் மணிக்கட்டுக்கு வந்தது.

சூடு தெரியாததால் ஒரு நாள் டீ உதட்டைச் சுட்டுக் கொப்புளம் வந்தது. அதன் பிறகு எதையும் முதலில் வலது ஓரத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ராகிக் கூழை ஆற வைத்துக் குடித்தார். இதே நிலையில் இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாமல் சாப்பிட உட்கார வேண்டாம்.

வரைபடம் என்னுடைய யோசனை. டாக்டரம்மா பதினைந்து நாளுக்கு ஒரு முறை சோதித்தார். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டியூஷன் இல்லாத மதியத்தில், அம்மாவை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் காதுப் பக்கமிருந்து நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே வருவேன். தெரிவது நிற்கும் இடத்தில் அம்மா "நின்னுருச்சு" என்பார். அங்கே ஒரு புள்ளி. மேலிருந்து, கீழிருந்து, அந்தப் பக்கமிருந்து. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. துணியில் அளவு குறிக்கும் நீல மார்க்கிங் சாக்கால்தான் வரைந்தோம். தாடையில் அது நன்றாகப் பிடித்தது. ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் அளவைக் குறித்தேன்.

"என்னாடி, என்னையே துணியாக்கிட்ட," என்றார் அம்மா.

"வெட்ட மாட்டேன், பயப்படாத."

அந்த ஆடியிலிருந்து நாங்கள் இருவரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முதல் எட்டு வாரம் கோடு நகரவில்லை. ஒன்பதாவது வாரமும் நகரவில்லை. நரம்பு வளர்வது எவ்வளவு மெதுவானது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்றாலே அதிர்ஷ்டம். நான் ஒரு மாணவனுக்கு நாற்பது நிமிடத்தில் ஒளியின் வேகத்தை நடத்திவிட்டு வருவேன். வந்து, போன வாரம் இருந்த இடத்திலேயே நிற்கும் ஒரு கோட்டின் முன்னால் உட்கார்வேன். இரண்டு மாதம் எப்போது கடந்தது என்று தெரியவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கண்ணைத் திறந்து, "எறும்பு ஊறுது" என்றார். எறும்பு இல்லை. கோட்டுக்கு உள்ளே, காதுப் பக்க ஓரத்தில். பாரஸ்தீசியா (நரம்பு விழிக்கும்போது வரும் கூச்சம், குறுகுறுப்பு) நல்ல அடையாளம் என்று டாக்டரம்மா சொன்னார். இரவில் அது எரிச்சலாக மாறும், அம்மா தூங்காமல் புரள்வார். எரியட்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். மார்கழியில் கோடு சுருங்கத் தொடங்கியது. மூன்று மில்லிமீட்டர். பிறகு ஐந்து.

தையில் இன்னொரு கேள்வி வந்தது. வலது திருகு எலும்போடு நன்றாக ஒட்டிவிட்டது. ஆனால் ஒற்றைத் திருகின் மேல் செட் கிணற்று ஏற்றம் மாதிரி ஏறி இறங்கி ஆடும். இடது பக்கம் நரம்பை விட்டுத் தள்ளி, நடுவுக்கு அருகே இன்னொன்று போட வேண்டும். டாக்டரம்மா இந்த முறை ஸ்கேனைத் திரையில் வைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டராக அம்மாவிடம் விளக்கினார். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.  உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அம்மாவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அம்மா திரையை நிறைய நேரம் பார்த்தார். படிவத்தை வாங்கி, விரல் வைத்து, நான்கு பக்கத்தையும் படித்தார். இருபது நிமிடம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்கள்.

"பாதி வேலையில விட்ட துணி மாதிரி இருக்குது," என்றார். "போடுங்க. ஆனா இவ உள்ள வர வேணாங்க."

நான் வெளியே நடைபாதையில் உட்கார்ந்தேன். துளையிடும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அது நின்ற ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்றேன்.

மாலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாயில் பஞ்சு இருந்ததால் சொற்கள் குழறின. ஆனால் ஒன்றையும் விடவில்லை.

"வலது பக்கம் மரப்பு நாலு மணிக்கே போயிருச்சுங்க. நடுவுல அஞ்சரைக்குப் போச்சு. இடது பக்கம் பழைய எடம் மட்டும் பழைய மாதிரியே இருக்குது, புதுசா ஒண்ணுமில்லீங்க. கண்ணாடில பாத்துக் கிள்ளிப் பாத்துட்டேன். வலிக்குதுங்க, நல்லா வலிக்குது. தையல் போட்ட எடத்துல கொஞ்சம் ரத்தம். அப்புறம் ஊசி போட்டப்ப உங்க நர்சு என் முக்காட்டைப் புடிச்சு இழுத்துட்டாங்க, அதையும் சொல்லிருங்க."

அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரிப்பது கேட்டது.

நீங்கள் கூட்டிக்கொண்டு போகிறவர் என்றால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் போனை நோயாளியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் நீட்டி முழக்கட்டும்.

வைகாசியில் கீழ் செட் திருகுகளின் மேல் பூட்டிக்கொண்டது. டக் என்ற சத்தம் எனக்கே கேட்டது. அம்மா நாக்கால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. டாக்டரம்மா கொடுத்த ஆப்பிள் துண்டை முன்பல்லால் கடித்தார். மாம்பழக் காலம் அது. மல்லிகாக்கா தன் தோப்பிலிருந்து ஒரு பை நிறையச் செந்தூரா கொண்டுவந்து, "கடி பாக்கலாம், தோலோட" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அம்மா தோலோடு கடித்தார்.

"யம்மாடி, ஜரினாக்கா! இனிமே உன்கிட்ட ஜாக்கெட்டு லேட்டாச்சுன்னு சண்டை போடவே பயமா இருக்குதே."

அதற்குப் பிறகு கோடு நகரவில்லை. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம், உதட்டுக்குக் கீழே இடது பக்கம், அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் ஆனால் பெரும்பாலும் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. இந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லை நான் தாண்டிப் போகவில்லை. அதிலேயே நின்றேன். நான் வேகமாக முடிவெடுத்தது நான்கு நாளில். அதன் விலை அம்மாவின் முகத்தில் ஒரு நாணயம் அளவுக்கு இருக்கிறது, அது என்னுடைய முகத்தில் இல்லை. 

இன்னொன்றும் நடந்தது. உணர்ச்சி திரும்பிய இடங்களில் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தாடை முனையில் பஞ்சை வைத்தால் அம்மா உதட்டோரம் என்கிறார். உதட்டின் நடுவில் தொட்டால் கன்னம் என்கிறார். முதலில் நான் நோட்டில் "தவறு" என்று குறித்துக்கொண்டிருந்தேன். நான்கைந்து தவறுகள் சேர்ந்ததும் அம்மா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்னாத்துக்குத் தப்புன்னு போடுற? எனக்கு அங்கதான் தெரியுது."

நரம்பின் கிளைகள் வளரும்போது வேறு பாதையில் போய்ச் சேர்ந்திருக்கும், மூளைக்குப் பழைய முகவரிதான் தெரியும் என்று டாக்டரம்மா விளக்கினார். இப்போது நோட்டில் இரண்டு பத்திகள். ஒன்றில் நான் தொட்ட இடம். மற்றதில் அம்மாவுக்குத் தெரிந்த இடம். மரத்த இடத்துக்கு நேரே இரண்டாவது பத்தியைக் காலியாக விட்டு வருகிறேன்.

இது மறு ஆடி. போன வெள்ளிக்கிழமை மதியம் கரண்ட் இல்லை. அம்மா வாசல் பக்கம் முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பல்செட் பூட்டிய முகம் நிமிர்ந்து, தாடையில் நீலக் கோட்டோடு இருந்தது. கோடு வரைந்து முடித்து, இடம் இடமாகத் தொட்டுப் பார்க்க நான் பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தேன்.

"ம். கீழ. இடது பக்கம்," என்றார்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா."

"அப்ப யாரு தொட்டா?"

நிமிர்ந்து பார்த்தேன். கரண்ட் வந்து மின்விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கியிருந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா, எங்கே என்று திரும்பவும் கேட்டேன். இப்போது இல்லை என்றார். விசிறியை நிறுத்தி மறுபடியும் போட்டேன். இல்லை. பொய் சொல்லவில்லையே, எனக்காகச் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"நான் என்னாத்துக்குடி உனக்காகச் சொல்லப்போறேன்?" என்றார் கண்ணைத் திறக்காமலே. "இருந்துச்சு. போயிருச்சு. எழுதிக்க."

எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. நேரத்தை மட்டும் குறித்தேன். மூன்று மணி பத்து நிமிடம்.